வாக்குப் போட்டுச் சேர்த்த நூலா?

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஆதரவில் நடைபெற்ற சொற்போரை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ‘மறைநூல்கள் மனிதன் ஆக்கமே’ என்ற பொருளை ஒட்டிப் பேசியவன் நான். மணி அடிக்கும் தறுவாயில், தூணியில் எஞ்சியிருந்த கடைசி அம்பை எடுத்து எய்தேன். கி.பி. 325-ஆம் ஆண்டில் நைசீயா என்னும் ஊரில் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் ஆயர்களையெல்லாம் கூட்டினான், நூற்றுக்கணக்கான நூல்களை அவர்கள்முன் பரப்பினான், வாக்கெடுப்பு நடந்தது, வென்றவை வேதமாயின, தோற்றவை நெருப்புக்கு இரையாயின என்று முழங்கினேன். மண்டபம் கைதட்டலால் அதிர்ந்தது. கோப்பையும் எனக்கே கிடைத்தது.

எதிர்த்துப் பேசிய நண்பர் நெல்லைச் சீமைக்காரர்; கிறிஸ்தவர்; ஞாயிறுதோறும் இந்நகரத்துத் தமிழ்ச் சபையில் வேதபாடம் வாசிப்பவர். தேவ ஆவியின் ஏவுதலால் எழுதப்பட்ட நூலைப் பற்றி எப்படி எழுதினார்கள், யார் தொகுத்தார்கள் என்று கேட்பதே தகாது என்று இரண்டு வாக்கியம் பேசினார். பிறகு முகம் சிவந்து அமர்ந்துவிட்டார். அதன்பின் விடுதி உணவுக்கூடத்தில் என்னைக் கண்டால் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவார்.

கோடை விடுமுறையில் ஏதோ ஓர் உறுத்தல். நான் மேடையில் சொன்னதற்கு ஆதாரம் தேடிப் படித்தேன். தேடத் தேட, நான் சொன்னது பச்சைப் பொய் என்று தெளிவாயிற்று. வேண்டுமென்று சொன்ன பொய்யல்ல; ஆராயாமல் சொன்ன பொய். கோப்பையைத் திருப்பித் தருகிறேன் என்றால் சங்கச் செயலாளர் சிரிக்கிறார். ஆகவே இக்கட்டுரை.

நைசீயாவில் நடந்தது என்ன? இயேசு இறைத் தந்தையோடு ஒரே தன்மை உடையவரா, படைக்கப்பட்டவரா என்று ஆரியு என்ற குருவானவர் கிளப்பிய வழக்கைத் தீர்க்கவே ஆயர்கள் கூடினார்கள். உயிர்த்தெழுதல் பண்டிகையை எந்த நாளில் கொண்டாடுவது என்பதையும் பேசினார்கள். சபை ஒழுங்கு பற்றி 20 விதிகள் இயற்றினார்கள். அந்த இருபதில் ஒன்றுகூட எந்த நூல் வேதம், எது அன்று என்பதைப் பற்றியதில்லை. கான்ஸ்டன்டைன் பின்னால், கி.பி. 331-ஐ ஒட்டி, தன் புதிய தலைநகரத்துச் சபைகளுக்காக 50 வேதப் பிரதிகள் எழுதித் தரும்படி செசரியாவின் ஆயரான யூசேபியுவுக்குக் கட்டளையிட்டது உண்மை. நல்ல தோலில், படிக்க எளிதாக, தேர்ந்த எழுத்தர்களைக் கொண்டு எழுதச் சொன்னானே தவிர, இன்னின்ன நூல்களைச் சேர் என்று பட்டியல் கொடுத்தானில்லை.

பின் இந்தக் கதை எங்கிருந்து வந்தது? ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கிரேக்கச் சங்க வரலாற்றில் இதன் வித்து இருக்கிறது. நைசீயாவில் நூல்களையெல்லாம் பலிபீடத்தருகே வைத்து ஆயர்கள் மன்றாடினார்களாம். மெய்ந்நூல்கள் மேலே இருந்தனவாம், பொய்ந்நூல்கள் கீழே கிடந்தனவாம். பக்தியால் கட்டிய கதை இது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் வால்தேர் இதையே கேலிக்கு எடுத்துக்கொண்டார். 2003-இல் வெளிவந்து உலகெங்கும் விற்ற ‘டா வின்சி கோட்’ என்ற ஆங்கில நாவல் அதற்குச் சூழ்ச்சி என்னும் வண்ணம் பூசியது. நான் மேடையில் வீசியது அந்த நாவலின் எச்சிலே. பக்தன் கட்டிய கதையைப் பகடிக்காரன் வாங்கி, பகுத்தறிவு என்று நான் விற்றிருக்கிறேன்!

இனி, உண்மையான வரலாற்றுக்கு வருவோம். இது என் கதையைவிடச் சுவையானது.

இயேசு ஒரு வரியும் எழுதி வைத்துப் போகவில்லை. அவர் பேசியது அரமேய மொழி. புதிய ஏற்பாடு எழுதப்பட்டதோ கிரேக்கத்தில். மாற்கு சுவிசேஷத்தில் ‘தலீத்தா கூமி’, ‘எப்பத்தா’ போன்ற சில அரமேயச் சொற்கள் மட்டும், கடலில் கிடைத்த சங்குபோல், அப்படியே கிடக்கின்றன. அவருடைய சீடர்கள் நூல் எழுத அவசரப்படவில்லை. வாயால் சொன்னார்கள், காதால் கேட்டார்கள். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த பாப்பியா என்ற ஆயர், ஏட்டைவிட உயிருள்ள குரலே தமக்கு மிகுந்த பயன் தந்தது என்ற கருத்தை எழுதி வைத்திருக்கிறார்.

புதிய ஏற்பாட்டில் முதலில் எழுந்தவை சுவிசேஷங்கள் அல்ல, கடிதங்கள். தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபம் கி.பி. 50-ஐ ஒட்டியது, மாற்கு எழுதப்பட்டது 70-ஐ ஒட்டி என்பது பெரும்பாலான ஆராய்ச்சியாளர் துணிபு. புத்தகத்தைத் திறந்தால் மத்தேயு முன்னே நிற்கிறது, பவுல் பின்னே வருகிறார். பவுலின் நிருபங்களுக்குள்ளும் கால வரிசை கிடையாது. சபைகளுக்கு எழுதியவற்றை நீளமானது முதலாகக் குறுகியது ஈறாக அடுக்கியிருக்கிறார்கள். குறுந்தொகை, நற்றிணை, நெடுந்தொகை என்று அடியளவால் அகப்பாட்டுக்களைப் பிரித்து வைத்த தமிழர்க்கு இதில் வியப்பில்லை. தொகுப்பவனுக்கு முதலில் கண்ணில் படுவது அளவுதான் போலும்.

அந்தக் கடிதங்கள் எழுதப்பட்ட விதத்தையும் அவையே காட்டிக் கொடுக்கின்றன. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் இறுதியில், அதுவரை எழுதுகோல் பிடித்திருந்த தெர்தியு என்பவர் திடீரென்று தலைநீட்டி, இதை எழுதுகிற நானும் உங்களை வாழ்த்துகிறேன் என்னும் பொருளில் ஒரு வரி சேர்த்துவிடுகிறார். கலாத்தியருக்கு எழுதும்போது பவுல் எழுத்தரிடமிருந்து கோலை வாங்கி, என் எழுத்து எவ்வளவு பெரிதாயிருக்கிறது பாருங்கள் என்கிறார். பிலேமோன் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், தங்குவதற்கு ஓர் இடம் ஆயத்தம் செய்து வைக்கும்படி கேட்கிறார். இவற்றை எழுதியவருக்கும், சொல்லச் சொல்ல எழுதினவருக்கும், இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின் ஓர் இந்திய நகரத்து விடுதி அறையில் இரண்டு தமிழர் இவற்றைப் பற்றிச் சண்டையிடுவர் என்று கனவிலும் தோன்றியிராது.

பவுலின் பெயரால் வழங்கும் 13 நிருபங்களில் 7 அவருடையவை என்பதில் ஆராய்ச்சியாளரிடையே ஐயமில்லை. மற்றவற்றில் சில, அல்லது எல்லாம், அவர் வழிவந்தவர் எழுதியவை என்று சொல்வோர் பலர். சுவிசேஷங்களின் உடலில் ஆசிரியர் பெயர் இல்லை. மத்தேயு, மாற்கு என்ற தலைப்புக்கள் பின்னர் இட்டவை. மாற்கின் பெரும்பகுதி, சுமார் 660 வசனங்களில் 600-க்கு மேல், மத்தேயுவில் ஏறத்தாழ அப்படியே மீண்டும் வருகிறது. ஒருவர் ஏட்டை ஒருவர் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று எதற்கு? லூக்காவோ இதை ஒளிக்கவே இல்லை. தமக்கு முன்னே அநேகர் எழுத முயன்றதையும், கண்கூடாகக் கண்டவர்கள் சொல்லி வந்ததையும், தாம் எல்லாவற்றையும் விசாரித்து வரிசையாக எழுதத் துணிந்ததையும் முகவுரையிலேயே சொல்லிவிடுகிறார். வானத்திலிருந்து வந்த குரலைக் கேட்டு எழுதினேன் என்று அவர் சொல்லவில்லை. விசாரித்தேன் என்கிறார். என் நண்பர் கேட்கக்கூடாது என்று சொன்ன கேள்விக்கு, அவருடைய புதிய ஏற்பாட்டின் முதல் நான்கு நூல்களில் ஒன்று தன் முதல் வாக்கியத்திலேயே விடை சொல்லியிருக்கிறது.

எழுதியாயிற்று. தொகுத்தது யார்?

இங்கேதான் என் மேடைப் பேச்சு முழுவதும் கவிழ்ந்தது. தொகுப்பதற்கு ஒரு நாள் இல்லை, ஒரு சபை இல்லை, ஓர் அரசன் இல்லை. சுமார் முந்நூறு ஆண்டுகள், ஊர் ஊராக, ஞாயிறு ஞாயிறாக, ‘இன்றைக்கு எதை வாசிப்பது?’ என்ற ஒரே கேள்விதான் தொகுத்தது. பெரும்பாலானவர் எழுத்தறியாத காலம். ஒருவர் நின்று உரக்கப் படிப்பார், மற்றவர் கேட்பர். கூட்டத்தில் படிக்கத் தகுந்தது, வீட்டில் மட்டும் படிக்கலாம், படிக்கவே வேண்டாம் என்று நூல்கள் மெல்லப் பிரிந்தன.

அந்தப் பிரிவினை எவ்வளவு தடுமாற்றத்தோடு நடந்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. கி.பி. 200-ஐ ஒட்டி அந்தியோகியாவின் ஆயராயிருந்தவர் செராப்பியோன். ரோசு என்ற ஊர்ச் சபையார் பேதுருவின் பெயரால் வழங்கிய சுவிசேஷம் ஒன்றைப் படிப்பதா வேண்டாமா என்று தங்களுக்குள் சச்சரவிட்டனர். ஆயர் அந்நூலைத் திறந்துகூடப் பார்க்காமல், இதுதானா உங்கள் தகராறு, படித்துவிட்டுப் போங்கள் என்று விட்டுவிட்டார். பின்னால் வாங்கிப் படித்தார். பெரும்பகுதி சரியாயிருந்தும் சில இடங்கள் வேறு கொள்கையினரின் சரக்கு என்று கண்டார். தாமே கடிதம் எழுதி மாற்றிச் சொன்னார். ஓர் ஆயர் தாம் படிக்காமல் பேசியதை ஒப்புக்கொண்டிருக்கிறார். இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தைச் சிறிது நேரம் மூடி வைத்தேன்.

இன்னொரு செய்தி அதே காலத்தது. பவுலையும் தெக்ளா என்ற கன்னியையும் பற்றி ஆசியா மாகாணத்தில் ஒரு கதை நூல் வழங்கிற்று. அதை எழுதியவர் அவ்வூர்க் குரு ஒருவர். விசாரணையில், பவுலின்மேல் வைத்த அன்பினால் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டார், பதவி பறிபோயிற்று. தெர்த்துல்லியன் என்பவர் இதைக் குறித்து வைத்திருக்கிறார். ஆகவே, அக்காலத்தார் எதைக் கொடுத்தாலும் வேதம் என்று விழுங்கியவர் அல்லர். யார் எழுதியது, எந்தச் சபை வழியே வந்தது என்று துருவிக் கேட்டார்கள். அவர்கள் விடைகளெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. சுவிசேஷம் ஏன் நான்கு என்பதற்கு, காற்று நான்கு, உலகின் திசை நான்கு என்று லியோன் நகர ஆயர் இரேனேயு காரணம் காட்டினார். நம் தேர்வுத் தாளில் இப்படி எழுதினால் பூஜ்யம்தான் கிடைக்கும்.

எல்லாரும் நான்கோடு நின்றதுமில்லை. மார்சியன் என்பவர் இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் பழைய ஏற்பாட்டை முழுவதும் தள்ளி, லூக்காவைக் கத்தரித்து, பவுலின் பத்து நிருபங்களோடு தம் வேதத்தை முடித்துக்கொண்டார். தாத்தியன் என்பவர் நான்கையும் பின்னி ஒரே கதையாக்கினார். அந்த ஒற்றைச் சுவிசேஷம் சிரியாவில் ஐந்தாம் நூற்றாண்டுவரை கோவில்களில் படிக்கப்பட்டது. தியோதொரேத்து என்ற ஆயர் தம் எல்லையில் மட்டும் இருநூறுக்கு மேற்பட்ட பிரதிகளை அகற்றி நான்கு தனி நூல்களை வைத்தார்.

புத்தகத்தின் உருவத்துக்கும் இதில் பங்குண்டு. யூதரும் கிரேக்கரும் சுருள்களில் எழுதினர். கிறிஸ்தவர்கள் மிகத் தொடக்கத்திலேயே தாள்களை மடித்துத் தைக்கும் ஏட்டுப் புத்தகத்துக்கு மாறினர். ஒரு சுருளில் ஒரு சுவிசேஷம் அடங்கினால் பெரிது. தைத்த புத்தகத்திலோ நான்கும் ஒன்றாய் நிற்கும். நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் ஒரே கட்டில் இருந்த மூன்றாம் நூற்றாண்டுப் பாப்பிரசு நூல் ஒன்றின் பகுதிகள் இன்றும் டப்ளின் நகரில் இருக்கின்றன. எவை எவை ஒரு குடும்பம் என்பதைச் சில வேளை தைப்பவனின் ஊசியும் தீர்மானித்திருக்க வேண்டும்.

ஆனால் எது வேதம் என்ற கேள்வி உயிர்ப் பிரச்சினையானது கி.பி. 303-இல். பேரரசன் தியோக்கிலேசியன் கிறிஸ்தவர் கோவில்களை இடிக்கவும் வேதங்களைக் கொளுத்தவும் ஆணையிட்டான். அவ்வாண்டு மே மாதம் வட ஆப்பிரிக்காவில் சிர்த்தா என்ற ஊரில் நடந்த சோதனையின் அரசாங்கப் பதிவேடு இன்றும் நமக்குக் கிடைக்கிறது. கதையல்ல; எழுத்தர் உடனிருந்து எழுதியது. நகர அதிகாரி ஆட்களோடு கிறிஸ்தவர்கள் கூடும் வீட்டுக்கு வந்து வேதத்தைக் கொடு என்கிறார். வாசிப்பவர்களிடம் இருக்கிறது என்கிறார் ஆயர். பொருள்களெல்லாம் கணக்கெடுக்கப்படுகின்றன. நூலறையின் அலமாரிகள் காலியாயிருக்கின்றன. ஒரே ஒரு பெரிய புத்தகம் வருகிறது. மற்றவை எங்கே? வாசிப்பவர்கள் பெயரைச் சொல்லுங்கள் என்றதற்கு, உடனிருந்த உதவி ஊழியர் இருவர், நாங்கள் காட்டிக் கொடுப்பவர்கள் அல்லர், வேண்டுமானால் எங்களைக் கொன்றுவிடுங்கள் என்கின்றனர். அவர்களைக் காவலில் வைத்துவிட்டு அதிகாரி வீடு வீடாகப் போகிறார். ஒருவர் நான்கு கொடுக்கிறார், ஒருவர் ஐந்து, ஒருவர் எட்டு. இலக்கண ஆசிரியர் ஒருவர் இரண்டு புத்தகமும் தைக்காத சில கட்டுக்களும் கொடுக்கிறார். ஒரு வீட்டில் கணவன் இல்லை. மனைவி ஆறு புத்தகங்களைக் கொண்டுவந்து தருகிறாள். இன்னும் இருக்கிறதா என்று வீட்டைத் துழாவுகிறார்கள், இல்லை.

அந்த மனைவியை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கொடுத்தவர்களைச் சபை பின்னால் மன்னிக்கவில்லை. ‘ஒப்படைத்தவர்’ என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லே துரோகி என்பதற்குப் பெயராயிற்று. கார்த்தேஜ் நகர ஆயர் மென்சூரியு வேறு வழி கண்டார்: மெய்யான வேதங்களை ஒளித்துவிட்டு, தம் சபை ஏற்காத கொள்கையினரின் நூல்களைக் கோவிலில் விட்டு வைத்தார், சேவகர் அவற்றைத் தூக்கிப் போயினர். எண்ணிப் பாருங்கள். இந்த நூலுக்காக உயிர் விடுவதா, அதைக் கொடுத்துவிட்டுப் பிழைப்பதா என்று கதவைத் தட்டும் ஓசை கேட்கும்போது முடிவுசெய்ய வேண்டியிருந்தது. நைசீயாவுக்கு 22 ஆண்டு முன்னால் நடந்தது இது. வாக்குச் சீட்டில் தீர்ந்ததாக நான் சொன்ன காரியம், இப்படிப்பட்ட வாசற்படிகளில் பாதி தீர்ந்திருந்தது.

மீதிப் பாதி? நைசீயா காலத்திலும் தீரவில்லை. யூசேபியு நூல்களை ஏற்கப்பட்டவை, ஐயத்துக்குரியவை, போலி என்று வகுக்கிறார். வெளிப்படுத்தின விசேஷத்தை மட்டும், சரியென்று தோன்றினால் ஏற்கப்பட்டதில் வை, இல்லையேல் போலியில் வை என்று இரண்டு பட்டியலிலும் போட்டுவிடுகிறார்! இன்று நம் கையிலுள்ள 27 நூல்களையும் கூடாமல் குறையாமல் சொல்லும் முதற்பட்டியல், அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு 367-ஆம் ஆண்டில், பண்டிகைத் தேதியை அறிவித்து எழுதிய 39-ஆவது சுற்றறிக்கைக் கடிதத்தில் வருகிறது. ஹிப்போவில் 393-இலும் கார்த்தேஜில் 397-இலும் கூடிய ஆப்பிரிக்கச் சங்கங்கள் அதை வழிமொழிந்தன. வழக்கத்தில் வேரூன்றிவிட்டதைச் சங்கம் ஏட்டில் ஏற்றியது என்பதே பொருத்தம்.

அதன்பின்னும் உலகம் ஒரே குரலில் பேசவில்லை. சிரியருடைய பழைய மொழிபெயர்ப்பாகிய பெஷீத்தாவில் புதிய ஏற்பாடு 22 நூல்தான். இரண்டாம் பேதுரு, இரண்டாம் மூன்றாம் யோவான், யூதா, வெளிப்படுத்தின விசேஷம் ஆகிய ஐந்தும் இல்லை. இது எங்கோ தொலைநாட்டுச் செய்தி என்று எண்ண வேண்டாம். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டு இந்த வேதத்தையே ஓதி வந்தனர். 1599-ஆம் ஆண்டு ஜூன் மாதம், கோவாவின் போர்த்துக்கேசியப் பேராயர் மெனேசசு கொச்சிக்கு அருகே உதயம்பேரூரில் அவர்களைக் கூட்டினார். உங்கள் ஏடுகளில் இன்னின்ன நூல்கள் இல்லை, இன்னின்ன வசனங்கள் இல்லை. அவற்றைச் சேர்த்தெழுதுக என்று அங்கே தீர்மானமாயிற்று. பிழையுள்ளவை என்று அவர் கருதிய சிரியக் கையெழுத்து நூல்கள் பல அதையொட்டிக் கொளுத்தப்பட்டன. நான் மேடையில் நைசீயாவின்மேல் ஏற்றிச் சொன்ன குற்றத்துக்கு உண்மையான உருவம் வேண்டுமானால் அது இங்கே, நம் நாட்டில், நம் பக்கத்து வீட்டில் இருந்தது. நானோ துருக்கி நாடுவரை போய்ப் பொய்யைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

சேர்த்தெழுதச் சொன்னவற்றுள் யோவான் முதல் நிருபத்து ஒரு வசனமும் உண்டு: பரலோகத்தில் சாட்சி சொல்பவர் மூவர் என்னும் வசனம். இதன் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. பழைய கிரேக்க ஏடுகள் எவற்றிலும் இது கிடையாது. இலத்தீன் வழியில் ஓர உரை மூலத்துக்குள் புகுந்திருக்க வேண்டும். இராஸ்மஸ் 1516-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை முதன்முதலாக அச்சிட்டு வெளியிட்டபோது இதை விட்டுவிட்டார். 1519-இலும் விட்டார். கூச்சல் எழுந்தது. அவ்வசனமுள்ள புத்தம் புதிய கிரேக்கப் பிரதி ஒன்று எங்கிருந்தோ முளைத்தது. 1522-ஆம் பதிப்பில் சேர்த்துவிட்டார். அதே இராஸ்மஸின் முதற்பதிப்பில், வெளிப்படுத்தின விசேஷத்தின் ஏட்டுப்படியில் கடைசித் தாள் இல்லாததால், அவர் இலத்தீனிலிருந்து சில வசனங்களைத் தாமே கிரேக்கமாக்கி இட்டு நிரப்பினார் என்பதும் உண்மை. சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1714-15-இல் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாட்டுக்கு ஆதாரமாயிருந்தது இந்த மரபில் வந்த கிரேக்க மூலமே. ஆகவே தமிழ்ச் சீர்திருத்த சபையார் தலைமுறை தலைமுறையாய் வாசித்த பழைய மொழிபெயர்ப்பில் அவ்வசனம் இருக்கிறது. 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியத்தில் அது இல்லை.

இடைச்செருகல், பாடபேதம் என்ற சொற்கள் நமக்குப் புதியன அல்ல. 1887-இல் சிந்தாமணியை வெளியிட உ.வே. சாமிநாதையர் எத்தனை சுவடிகளை ஒப்பு நோக்கினார் என்று வகுப்பில் பெருமையோடு படிக்கிறோம். பாடபேதம் இருப்பதால் சிந்தாமணி பொய்யாகிவிட்டது என்று எவரும் சொல்வதில்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டுக்கோ 5,000-க்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் உண்டு. அவற்றிடையே வேறுபாடு இலட்சக்கணக்கில் காணும். பெரும்பாலானவை எழுத்துப் பிழை, சொல் முன்பின்னாதல். சில பெரியவை: மாற்கின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த இரு பெரும் ஏடுகளில் இல்லை, விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை யோவானின் மிகப் பழைய பிரதிகளில் இல்லை. உங்களில் பாவமில்லாதவன் முதற்கல் எறியட்டும் என்ற செய்தியைக் கொண்ட அந்தக் கதையை எந்தப் படியெடுப்பவன் எங்கிருந்து கொண்டுவந்து சேர்த்தானோ! சேர்த்தவன் கெட்ட காரியம் செய்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சேர்த்தது என்பதைச் சொல்லாமல் மறைப்பதும் சரியில்லை.

என் கருத்து இதுதான். மறைநூலைத் தாக்குகிறவனும் காக்கிறவனும் நம் மேடைகளில் ஒரே தவற்றைச் செய்கிறோம். நூல் ஒரு நாளில் உண்டாயிற்று என்று இருவருமே கற்பனை செய்கிறோம். ஒருவனுக்கு அது சூழ்ச்சி நடந்த நாள், மற்றவனுக்கு அற்புதம் நடந்த நாள். இடையில் நின்ற எழுத்தரும் வாசிப்பவரும் தைப்பவரும், கதவைத் திறந்த அந்த மனைவியும் இருவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. இந்த வரலாற்றைச் சபைப் பிரசங்கத்திலேயே சொல்ல வேண்டும். வேதபாட வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். விசுவாசம் ஆட்டம் கண்டுவிடும் என்று அஞ்சி மறைத்தால், பதினெட்டு வயதில் ஒரு நாவலிலிருந்தோ என் போன்ற மேடைப் பேச்சாளனிடமிருந்தோ அரைகுறையாய்க் கேட்டு அவன் முகம் சிவந்து உட்கார நேரும். பகுத்தறிவு பேசுகிற நமக்கோ, ஆதாரத்தைத் தேடாமல் பேசுவதற்குத் தனி உரிமை ஒன்றும் கிடையாது.

ஆடி மாதம் விடுதி திறந்ததும் நண்பரின் அறைக் கதவைத் தட்டினேன். நைசீயா பற்றிச் சொன்னது தவறு என்று சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பெட்டியிலிருந்து பாட்டியின் பழைய வேதாகமத்தை எடுத்தார்; நூலகத்திலிருந்து நான் கொண்டுபோன திருவிவிலியத்தை அதன் பக்கத்தில் வைத்தோம். யோவான் முதல் நிருபம், ஐந்தாம் அதிகாரம். ஒன்றில் இருக்கிறது, மற்றதில் இல்லை. பாட்டி அந்த வசனத்தின் கீழே சிவப்பு மையால் கோடு இழுத்திருந்தார்.

“வருகிற ஞாயிறு வாசிப்பு என் முறை. இந்த அதிகாரம் வந்தால் எதை வாசிக்க?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். இரவு மணி பன்னிரண்டு ஆகும்வரை பேசிக்கொண்டிருந்தோம். மறுநாள் காலை உணவுக்கூடத்தில் அவர் தட்டோடு என் மேசைக்கு வந்து, செராப்பியோன் எழுதிய அந்தக் கடிதம் எந்த நூலில் கிடைக்கும் என்று விசாரித்தார்.